குறுஞ்சொல்லா, நெடுஞ்சொல்லா?

(முதுநிலை வேதியியல் மாணவன் ஒருவன்)

சொல்லைக் கொண்டு பொருள் உணர்த்துவது மொழி. சொல்லைக் கொண்டு புள்ளி சேர்ப்பது விளையாட்டு. இவை இரண்டும் வெவ்வேறு என்பதை உணராமையால், நம் தமிழ் மாணவர் பலர் விடுதிப் பொதுக்கூடத்தில் ஸ்கிராபிள் பலகையை விரித்ததும் மெல்ல எழுந்து நாளிதழ் மேசைப் பக்கம் போய்விடுகின்றனர். ‘அஃது ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களின் ஆட்டம், நமக்கு ஏன்?’ என்பது அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத எண்ணம்.

நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் கற்றவனே. மேற்படிப்புக்காக வடக்கே வந்து இது இரண்டாம் ஆண்டு. ஆய்வகம் முடிந்த மாலைகளில் இவ்வாட்டத்தைப் பயின்று வருகிறேன். பயின்றதில் ஒன்று தெளிவாயிற்று. இதில் வெல்வதற்கு வேண்டுவன மூன்று: சிறு சொற்களின் பட்டியல், எழுத்துகளின் எண்ணிக்கை, சொல்லைப் பிரித்தும் சேர்த்தும் பார்க்கும் பழக்கம். இம்மூன்றில் ஒன்றேனும் நாநயத்தையோ உச்சரிப்பையோ சார்ந்ததன்று. ஆகவே அஞ்சி விலகுவதற்குக் காரணமே இல்லை. இதனை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் ஒரு சிறு குறிப்பு. ஆங்கில எழுத்துகளின் பெயர்களையும் தமிழிலேயே எழுதுகிறேன். ‘டி’ என்றால் ஆங்கில வரிசையின் நான்காம் எழுத்து. ‘டீ’ என்று நீட்டினால் இருபதாம் எழுத்து. ‘பி’ என்று வரும் இடமெல்லாம் பதினாறாம் எழுத்தையே குறிக்கும். இவற்றை மனத்தில் கொண்டால் மயக்கம் வாராது.

ஆட்டம் பிறந்த கதை

ஆல்ஃபிரெட் மோஷர் பட்ஸ் என்பவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர்களில் அவரும் ஒருவர். வேலையற்ற நாட்களில் ஒரு சொல்லாட்டத்தை உருவாக்க முனைந்தார். அதற்காக அவர் இலக்கண நூல்களைத் தேடிப் போகவில்லை. நியூயார்க் டைம்ஸ் முதலிய நாளிதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கினார். காய்களின் தொகையும் புள்ளியும் அந்தக் கணக்கிலிருந்தே பிறந்தன. 1938-இல் இவ்வாட்டம் ‘கிரிஸ் கிராஸ் வேர்ட்ஸ்’ என்னும் பெயரோடு இருந்தது. 1948-இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் உரிமை பெற்று, ஸ்கிராபிள் என்னும் பெயரில் வெளியிட்டார்.

பலகையில் பக்கத்திற்குப் பதினைந்தாக 225 கட்டங்கள் உள்ளன. பையில் 100 காய்கள். அவற்றுள் 98 எழுத்துக்காய். எஞ்சிய இரண்டு வெற்றுக்காய். வெற்றுக்காயை எந்த எழுத்தாகவும் கொள்ளலாம். ஆனால் அதற்குப் புள்ளி இல்லை. ஈ என்னும் எழுத்து 12, ஏ, ஐ ஒவ்வொன்றும் 9, ஓ 8, என், ஆர், டீ ஒவ்வொன்றும் 6, எல், எஸ், யூ, டி ஒவ்வொன்றும் 4. ஜே, கே, எக்ஸ், க்யூ, இசட் ஆகிய ஐந்தும் ஒவ்வொன்றே உள்ளன. மலிந்த எழுத்துக்கு ஒரு புள்ளி. அரிய எழுத்துக்கு மிகுந்த புள்ளி. கே-க்கு 5, ஜே-க்கும் எக்ஸ்-க்கும் 8, க்யூ-வுக்கும் இசட்-டுக்கும் 10. எஸ் ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்து. ஆயினும், எந்தச் சொல்லையும் பன்மையாக்கி எளிதில் நீட்டிவிடக் கூடும் என்று கருதி, பட்ஸ் அதற்கு நான்கு காய்களையே வைத்தார்.

ஒவ்வொருவரும் ஏழு காய் எடுத்துக்கொண்டு, குறுக்கெழுத்துப் புதிர் போலப் பலகையில் உள்ள சொற்களோடு இணையுமாறு புதுச் சொல் வைக்க வேண்டும். சில கட்டங்கள் எழுத்தின் புள்ளியை இரட்டிக்கும் அல்லது மும்மடங்காக்கும். வேறு சில கட்டங்கள் சொல் முழுவதன் புள்ளியையும் அவ்வாறு பெருக்கும். ஏழு காயையும் ஒரே முறையில் வைத்துவிட்டால் 50 புள்ளி மிகையாகக் கிடைக்கும். ஆட்டம் இவ்வளவே.

சிறு துரும்பும் பல் குத்த உதவும்

எந்தச் சொல் செல்லும், எது செல்லாது என்பதை முடிவு செய்ய ஒரு பட்டியல் உண்டு. நம் நாட்டுப் போட்டிகளில் காலின்ஸ் பட்டியலைக் கொள்கின்றனர். அதன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஈரெழுத்துச் சொற்கள் 127. ஓரெழுத்துச் சொல்லுக்கு இவ்வாட்டத்தில் இடம் இல்லை; ஆகவே ஈரெழுத்தே மிகச் சிறிய சொல்.

127 என்றதும் மலைக்க வேண்டுவதில்லை. பவணந்தியார் தம் நன்னூலில் தமிழின் ஓரெழுத்தொருமொழிகள் நாற்பத்திரண்டு என்று தொகுத்துக் காட்டினார். ஆ, ஈ, கை, தீ, பூ, மை என்று பள்ளியில் நாம் படித்தவை அவை. சிறு சொற்களை எண்ணித் தொகுத்துக் கற்பது நமக்குப் புதிதன்று. அந்த முறையையே இங்கும் கைக்கொள்வோம்.

முதல் வகை, ஆறாம் வகுப்பிலேயே நாம் அறிந்தவை. கோ, நோ, மை, வீ, இட், இன், ஆன் போன்றவை. இவை முப்பதளவு இருக்கும்.

இரண்டாம் வகை, அறிவியல் மாணவர் நாள்தோறும் கரும்பலகையில் காணும் கிரேக்க எழுத்துகளின் பெயர்கள். மியூ, நியூ, சை, பை ஆகிய நான்கும் ஈரெழுத்துச் சொற்கள். இங்கே ‘சை’ என்றது எக்ஸ்-ஐ என்று எழுதப்படுவது. அது 9 புள்ளி பெறும்.

மூன்றாம் வகை, மேலை இசையின் சுரங்கள். டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டி என்னும் ஏழும் செல்லும். நான்காம் வகை, எழுத்துகளின் பெயர்களையே எழுத்துக்கூட்டி எழுதுவது. எஃப், எல், எம், என், ஆர், எஸ், எக்ஸ் ஆகிய பெயர்களை ஈரெழுத்தில் எழுதினால் அவை சொற்களாகிவிடும். உதாரணமாக ஈ-எம் என்பது அச்சுக்கலையில் ஓர் அளவு. ஈ-என் அதில் பாதி.

ஐந்தாம் வகை, உலகின் பல மூலைகளிலிருந்து ஆங்கிலத்துக்குள் குடிபுகுந்தவை. ஏ-ஏ என்பது ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறை. ஏ-ஐ தென்னமெரிக்காவின் மூவிரல் தேவாங்கு போன்ற சோம்பல் விலங்கு. ஓ-ஈ வட அட்லாண்டிக் தீவுகளில் வீசும் சுழற்காற்று. கே-ஏ பண்டை எகிப்தியர் நம்பிய ஆவி. ஜே-ஓ ஸ்காட்லாந்தில் காதலர்க்கு வழங்கும் சொல். எக்ஸ்-யூ வியட்நாமின் சிறு நாணயம். இசட்-ஓ இமயமலையில் கவரிமாவும் பசுவும் கலந்து பிறந்த விலங்கு. க்யூ-ஐ சீனர் கூறும் உயிராற்றல். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்கு இந்தக் கடைசிச் சொல்லே சான்று. எழுத்து இரண்டு, புள்ளி பதினொன்று.

இன்னொன்றும் நினைவில் இருத்துக. இப்பட்டியலில் வி என்னும் எழுத்துக்கு மட்டும் ஈரெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆகவே வி-யை ஓரிடத்தில் வைத்தால் அதன் ஓரத்தில் எதிராளி எளிதில் சொல் ஒட்ட முடியாது. முன்னணியில் இருக்கும்போது வழியடைக்க அது நல்ல காய். பின்தங்கி இருக்கும்போது அதுவே நம் வழியையும் அடைத்துவிடும்.

ஒரு வைப்பில் ஐந்து சொல்

ஈரெழுத்துச் சொல்லின் புள்ளி சிறியதாயிற்றே, அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் அதன் தனிப்புள்ளியில் இல்லை. ஒரு சொல்லை இன்னொரு சொல்லுக்கு இணையாக, அதன் மேலோ கீழோ ஒட்டி வைக்க உதவுவதே அதன் பயன்.

பலகையில் ‘டோன்’ என்னும் சொல் இருப்பதாகக் கொள்வோம், எழுத்துகள் டீ-ஓ-என்-ஈ. நம் கையில் ‘ஓப்பன்’ என்னும் சொல்லுக்குரிய ஓ-பி-ஈ-என் இருக்கின்றன. அதனை டோன் என்பதற்கு நேர் கீழே, எழுத்துக்கு எழுத்து ஒட்டி வைத்துப் பாருங்கள். மேலிருந்து கீழாக நான்கு ஈரெழுத்துச் சொற்கள் பிறக்கின்றன: டீ-ஓ, ஓ-பி, என்-ஈ, ஈ-என். நான்கும் பட்டியலில் உள்ளவை. ஓப்பன் என்பதற்கு 6 புள்ளி. நான்கு சிறு சொற்களுக்கும் முறையே 2, 4, 2, 2, ஆகப் 10. மொத்தம் 16. சிறப்புக் கட்டங்களின் பெருக்கத்தைக் கணக்கில் கொள்ளாமலே ஆறு பதினாறாயிற்று! ஓ-பி என்பது ஓவியப் பாணி ஒன்றின் பெயர் என்பதும், என்-ஈ என்பது ஒருவரின் பிறப்புப் பெயரைச் சுட்டும் சொல் என்பதும் அறியாதவர், எவ்வளவு சரளமாக ஆங்கிலம் பேசினாலும் இந்தப் பத்துப் புள்ளியைக் காணமாட்டார்.

அரிய எழுத்து கையில் இருந்தால் பயன் இன்னும் பெரிது. எழுத்தை மும்மடங்காக்கும் கட்டத்தில் க்யூ-வை வைத்து, குறுக்கும் நெடுக்கும் க்யூ-ஐ அமையுமாறு செய்தால், ஒவ்வொரு திசையிலும் 31. இரண்டும் சேர்ந்து 62. அவ்வாறே எக்ஸ்-ஸை வைத்து ஓ-எக்ஸ், ஈ-எக்ஸ் என்று இரு திசையிலும் அமைத்தால் 50. ஏழெழுத்துச் சொல் தரும் மிகைப்புள்ளியை ஈரெழுத்துச் சொல் எட்டிப் பிடித்துவிடுகிறது.

க்யூ-வுக்குப் பின் யூ வந்தே தீரும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுப்பர். அவ்வாறு வாராத சொற்களும் பல. பர்கா, நிகாப், தலாக், கவ்வாலி, ஃபகீர், காதி ஆகியவற்றை யூ அடுத்து வாராத க்யூ இட்டு எழுதினாலும் பட்டியல் ஏற்கும். வடக்கே வந்து உருதுச் சொற்களை நாள்தோறும் கேட்கும் நமக்கு இவை தெரியாதவையா?

மூன்றெழுத்துச் சொற்களிலும் அறிவியல் மாணவர்க்குச் சொந்தமானவை உண்டு. ஓம் என்பது மின்தடையின் அலகு. அதனைத் திருப்பி எழுதினால் மோ. மின்கடத்தலின் பழைய அலகு. இரண்டும் செல்லும். எர்க், லக்ஸ், அயன் ஆகியனவும் செல்லும். அயன் என்பதன் முன் எல் சேர்த்தால் சிங்கம். பி சேர்த்தால் இயற்பியலார் கூறும் பையான் துகள். பிறர் வைத்த சொல்லின் முன்னோ பின்னோ ஓர் எழுத்தைச் சேர்த்து அதனை முழுவதும் நம் கணக்கில் எழுதிக்கொள்ளும் இம்முறையை நன்கு பயில வேண்டும்.

உயிரெழுத்து மட்டுமே வந்து கை நிறைந்துவிட்டால் ஏ-ஏ, ஏ-ஈ, ஏ-ஐ, ஈ-ஏ, ஓ-ஈ, ஓ-யூ ஆகியன துணை செய்யும். மெய்யெழுத்தே நிறைந்துவிட்டாலும் வழி உண்டு. சி-டபிள்யூ-எம் என்பது மலைச்சரிவில் பனியாறு குடைந்த பள்ளம். சி-ஆர்-டபிள்யூ-டீ-எச் என்பது ஒரு நரம்புக் கருவி. இரண்டும் வேல்ஸ் மொழியிலிருந்து வந்தவை. மெய் தனித்து இயங்காது என்று கற்ற நமக்கு இவை வியப்பாகத் தோன்றும். வேல்ஸ் மொழியில் டபிள்யூ உயிரெழுத்தாகவும் நிற்கும் என்று அறிந்தால் வியப்பு நீங்கும்.

நெடுஞ்சொல் எது?

ஆங்கிலத்தின் மிக நீண்ட சொல் எது என்று கேட்டு நம்மை மருட்டுவோர் உண்டு. அகராதிகளில் இடம்பெற்ற ஒரு சொல்லுக்கு 45 எழுத்து. நியூமோனோ அல்ட்ரா மைக்ராஸ்கோபிக் சிலிக்கோ வால்கனோ கோனியோசிஸ் என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நுண்ணிய சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயின் பெயர் அது. 1935-இல் அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கம் ஒன்றின் தலைவர் நீளத்திற்காகவே அதனைப் புனைந்தார். அந்நோயைக் குறிக்கச் சிலிக்கோசிஸ் என்ற சொல்லே போதும். எங்கள் துறையிலும் இப்படித்தான். எத்திலீன் டையமீன் டெட்ரா அசிட்டிக் அமிலம் என்று பாடநூலில் எழுதுவோம். ஆய்வகத்தில் அது ஈ.டி.டீ.ஏ. என்னும் நான்கெழுத்துத்தான்.

பலகையின் நீளம் பதினைந்து கட்டமே. ஆதலால் 45 எழுத்துச் சொல் இங்கே எதற்கும் உதவாது. இவ்வாட்டத்தில் நெடுஞ்சொல் என்றால் ஏழெழுத்தும் எட்டெழுத்துமே. கையில் உள்ள ஏழு காயையும் வைத்தால் ஏழெழுத்து. பலகையில் உள்ள ஓரெழுத்தோடு சேர்த்து வைத்தால் எட்டெழுத்து. இச்சொற்கள் கடினமானவை அல்ல. மலிந்த எழுத்துகளால் ஆகிய சொற்களே கைக்கு அடிக்கடி வரும். அவையோ பெரும்பாலும் எளிய சொற்கள்.

ஒரு சான்று காண்போம். டீ-ஐ-எஸ்-ஏ-என்-ஈ என்னும் ஆறு எழுத்துகளைக் கருதுக. சேர்ந்தால் ‘டிசேன்’ என்னும் சொல்லாகும். மூலிகை இட்டுக் காய்ச்சும் பானம், நம் கஷாயத்திற்கு உறவு. இந்த ஆறும் கையில் இருக்க, ஏழாவதாக எது வந்தாலும் பெரும்பாலும் ஒரு சொல் அமைந்துவிடும். டி வந்தால் இன்ஸ்டெட். ஜி வந்தால் சீட்டிங் அல்லது டீசிங். எல் வந்தால் சேலியண்ட். எம் வந்தால் இன்மேட்ஸ். ஆர் வந்தால் ஒன்றல்ல, பல: ரிட்டெயின்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், ஸ்டியரின். முதலாவது தக்கவைத்துக் கொள்ளுதல், இரண்டாவது விழித்திரைகள், நான்காவது மெழுகுவர்த்தி செய்யப் பயன்படும் கொழுப்புப் பொருள். வேதியியலில் ஒரு மூலக்கூறின் சட்டகம் மாறாதிருக்க, அதில் ஒரு தொகுதியை மட்டும் மாற்றிப் புதுச் சேர்மம் ஆக்குகிறோம் அல்லவா? அதே முறைதான் இதுவும்.

இரண்டாம் வழி விகுதியைப் பிரித்துப் பார்ப்பது. பகுபத உறுப்புகள் ஆறு என்று நாம் ஒப்புவித்திருக்கிறோம்: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். ஆங்கிலச் சொல்லையும் அவ்வாறே நோக்கலாம். ஐ-என்-ஜி மூன்றும் கையில் இருந்தால் அவற்றை விகுதியாக ஒதுக்கி வைத்து, எஞ்சிய நான்கெழுத்தில் பகுதியைத் தேட வேண்டும். ஈ-டி, ஈ-ஆர், ஈ-எஸ்-டீ ஆகியனவும் விகுதிகள். ஆர்-ஈ, யூ-என், ஓ-யூ-டீ ஆகியன முன்னே ஒட்டுபவை. விகாரமும் ஆங்கிலத்தில் உண்டு. ரன் என்பது ரன்னிங் ஆகும்போது ஓர் என் கூடுதலாகத் தோன்றுகிறது. மேக் என்பது மேக்கிங் ஆகும்போது ஈற்றில் நின்ற ஈ கெடுகிறது. சிட்டி என்பது சிட்டீஸ் ஆகும்போது வை என்பது ஐ-ஈ எனத் திரிகிறது. தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் வந்துவிட்டன! நன்னூல் படித்த மாணவனுக்கு ஆங்கிலச் சொல்லைப் பிரிக்கும் கத்தி ஏற்கெனவே கையில் உள்ளது. அதனை எடுத்துப் பயன்படுத்த வேண்டியதே பாக்கி.

கையில் எஞ்சுவது

புதிதாக ஆடுவோர் பலகையை மட்டுமே பார்ப்பர். தேர்ந்தவரோ, இம்முறை வைத்தபின் கையில் எது எஞ்சும் என்பதையும் பார்ப்பர். பையில் உள்ள எழுத்துக்காய்களில் உயிர் 42, மெய் 56. இந்த விகிதம் சரியாக 3-க்கு 4. கையில் உள்ள ஏழு காயில் உயிர் மூன்றும் மெய் நான்கும் இருப்பதே நல்ல சமநிலை என்பதற்கு இதுவே காரணம். இருபது புள்ளி தரும் சொல்லை வைத்து மூன்று யூ-வையும் ஒரு வி-யையும் கையில் நிறுத்திக்கொள்வதைவிட, பதினான்கு புள்ளிச் சொல்லை வைத்துச் சமநிலையைக் காப்பது அறிவுடைமை. பின்னர் வரும் 50 புள்ளி இழந்த ஆறு புள்ளியை ஈடு செய்துவிடும்.

நூறு காயிலிருந்து ஏழை எடுக்கும் வழிகள் 1,600 கோடிக்கு மேல். இதனைக் கேட்டு, எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் என்று எண்ணிவிடக் கூடாது. எஸ் நான்கும் வெற்றுக்காய் இரண்டும் சேர்ந்து ஆறு. முதற்கையில் இந்த ஆறனுள் ஒன்றேனும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 36 என்று கணக்கிட்டுக் காணலாம். அதாவது மூன்றில் இரண்டு முறை அவை வருவதில்லை. ஆகவே வந்தபோது எட்டுப் புள்ளிக்காக எஸ்-ஸைச் செலவிடுவது வீண் செலவு. இது பள்ளிக் கணிதத்தின் சேர்வுப் பாடமே.

உலகம் காட்டும் சான்று

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கா? உலகப் போட்டிகளைப் பாருங்கள். 2003-இல் உலக வெற்றி பெற்றவர் தாய்லாந்தின் பானுபோல் சுஜ்ஜயகோர்ன். 2009-இலும் தாய்லாந்துக்காரரே வென்றார். அவர் பகோர்ன் நெமித்ருமான்சுக். ஆங்கிலம் அவர்கள் நாட்டு மொழியும் அன்று, ஆட்சிமொழியும் அன்று. 2007-இல் நம் மும்பையிலேயே உலகப் போட்டி நடந்தது. அதில் முதன்முறை உலக வெற்றி கண்டவர் நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ். அவர் 2015-இல் பிரெஞ்சு மொழி உலகப் போட்டிக்குச் சென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. ஏறத்தாழ ஒன்பது வாரம் சொற்பட்டியலை மனத்தில் பதித்துக்கொண்டு சென்றார், வென்று திரும்பினார். 2024-இல் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் அவ்வாறே வென்றார்.

2015-இல் ஆங்கில உலகப் போட்டியை வென்றவர் நைஜீரியாவின் வெல்லிங்டன் ஜிகெரே. நைஜீரிய ஆட்டக்காரர்கள் ஒரு புது வழியைக் கண்டனர். ஏழெழுத்துச் சொல் கையில் இருந்தாலும், சில வேளைகளில் அதனை வைக்காமல் ஐந்தெழுத்துச் சொல்லை வைப்பர். நீண்ட சொல் எதிராளிக்குப் பலகையைத் திறந்துவிடும். கையில் இருந்த நல்ல காய்களெல்லாம் போய், எவை வருமோ என்ற நிலையும் உண்டாகும். குறுஞ்சொல் வைத்தால் பலகையும் நம் வயம். கையும் நம் வயம். நீளமே சிறப்பு என்று எண்ணியிருந்தோர் அவ்வாண்டு குறுஞ்சொல்லின் வலிமையைக் கண்டனர்.

இச்சான்றுகளை மறுபுறமும் நோக்க வேண்டும். ரிச்சர்ட்ஸ் வென்றதனால் அவர் பிரெஞ்சு இலக்கியப் புலவர் ஆகிவிடவில்லை. நாமும் இவ்வாட்டத்தில் வென்றுவிட்டால் ஆங்கிலம் கைவந்துவிட்டது என்று கருதலாகாது. அதுபோலவே, தோற்றுவிட்டால் நம் அறிவு குறைந்தது என்றும் கருதலாகாது. பொருள் அறியாமல் பட்டியலை நெட்டுருச் செய்வதில் எனக்கு மனம் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு வரிப் பொருளேனும் சேர்த்துப் படித்தால் மறதியும் குறையும். உலக அறிவும் வளரும்.

நம் சொற்களும் அங்கே உண்டு

பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்ச்சொற்களை இவ்வாட்டம் ஏற்பதில்லை. ஆகவே தமிழ் என்னும் பெயரைப் பலகையில் வைக்க இயலாது. தமிழ்ச் சொற்களையோ தாராளமாக வைக்கலாம்! கட்டுமரம் ஒன்பதெழுத்துக் கேட்டமரன் ஆயிற்று. அணைக்கட்டு ஆறெழுத்து அனிகட் ஆயிற்று. மிளகுத்தண்ணீர் பன்னிரண்டெழுத்து மல்லிகடானி ஆயிற்று. கஞ்சி, கறி, மாங்காய் ஆகியனவும் உருமாறி அங்கே வாழ்கின்றன. குருந்தக்கல் எட்டெழுத்துக் கொரண்டம் ஆயிற்று. அலுமினிய ஆக்சைடாகிய அக்கனிமத்தின் நிற வேறுபாடுகளே மாணிக்கமும் நீலமும். சுருட்டு ஏழெழுத்துச் செரூட் ஆயிற்று. முதல் ஆட்டத்திலேயே அந்த ஏழு காயும் அமைந்தால், நடுக்கட்டத்தின் இரட்டிப்பும் மிகையும் சேர்ந்து குறைந்தது 74 புள்ளி. இட்லியும் தோசாவும் செல்லும். தோசாவுக்குப் பன்மை ‘தோசை’ என்று அப்பட்டியல் ஏற்றுக்கொண்டிருப்பது நம் வீட்டுச் சமையற்கட்டில் சொன்னால் நகைப்பை உண்டாக்கும்.

சொல்ல வந்தது

நம்மில் பலர் கருத்தரங்கில் கேள்வி கேட்க எழ எண்ணுகிறோம். எழுவதற்குள் ஆங்கிலத்தில் நீண்ட, அழகிய வாக்கியம் ஒன்றைத் தேடுகிறோம். அது கிடைப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. கேள்வி நம்மிடம் இருந்தது, சொல்லும் இருந்தது. சொல் சிறியதாயிற்றே என்ற கூச்சமே வாயை அடைத்தது. ‘ஏன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்து. ‘எப்படி’ என்பதற்கும் மூன்றெழுத்து. ‘எனில்’ என்பதற்கு இரண்டே எழுத்து. அறிவியல் முழுவதும் இந்த மூன்று சொல்லின்மீது நிற்கிறது. குறுஞ்சொல்லால் எழுந்து கேட்போம். நெடுஞ்சொல் பின்னர்த் தானே வரும்.

நம் மன்ற அறைக்கு ஒரு பலகை வாங்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு மாலை போதும். ஈரெழுத்துச் சொற்களை நாளுக்குப் பத்தாகப் படித்தால் பதின்மூன்று நாளில் 127-உம் முடிந்துவிடும். பின்னர் சிறு அட்டைகள் செய்து, ஒரு பக்கத்தில் ஏழெழுத்தை அகர வரிசையிலும் மறுபக்கத்தில் அவை ஆக்கும் சொல்லையும் எழுதிக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகலாம். முதலாண்டு மாணவர்கள், குறிப்பாகத் தமிழ் வழியில் பயின்று வந்தோர், தயங்காமல் வர வேண்டும்.

பயிற்சி

1. டீ-ஐ-எஸ்-ஏ-என்-ஈ என்னும் ஆறோடு கே, வி, யூ ஆகியவற்றைத் தனித்தனியே சேர்த்து மூன்று ஏழெழுத்துச் சொற்கள் காண்க.

2. உயிரெழுத்து ஒன்றும் இல்லாத மூன்றெழுத்துச் சொல். கணித வகுப்பில் தொடரின் பொது உறுப்பைக் குறிக்க நாள்தோறும் கேட்பது. அது யாது?

3. கோடையில் மண்பானைத் தண்ணீருக்கு மணமூட்ட நம் ஊரில் இடும் வேர். ஆங்கிலத்தில் ஏழெழுத்து; வி இருமுறை வரும். சொல் யாது? சிறப்புக் கட்டங்களைக் கருதாமல், மிகையோடு அதற்கு எத்தனை புள்ளி?

விடைகளை மன்றச் செயலாளரிடம் எழுதித் தருக. சரியான விடை தந்தோர் முதல் மாலை ஆட்டத்தில் முதற்காய் எடுக்கலாம்.